நங்கூரத்துக்குச் செவ்வந்தி

அந்தத் திங்கட்கிழமை எங்கள் வீட்டில் இருந்தவர்கள் நான்கு பேர்: அப்பா, நான், அத்தை மகள், அப்புறம் வாசலில் நின்று குடையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த நேவி மாமி. இல்லாதவர்கள் இரண்டு பேர். அம்மா ஊதுபத்திக் கம்பெனிக்குப் போயிருந்தாள். மாமியின் வீட்டுக்காரர் காலமாகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஆனாலும் பேச்சு முழுக்க அவருடைய பழைய கோட்டு ஒன்றைப் பற்றித்தான்.

நண்பர்களே, போன சேகரிப்பாளர் கூட்டத்தில் என் ஆல்பத்தைப் புரட்டிவிட்டு நீங்கள் கேட்டீர்கள்: "கடற்படை விமானிங்களோட சிறகு பேட்ஜ் இத்தனை நாட்டோடது வெச்சிருக்கே, நம்ம நாட்டோட ஆரம்ப காலத்துது ஒண்ணுகூட ஏம்ப்பா இல்ல?" டீ ஆறிவிடும் என்று சொல்லி மழுப்பிவிட்டேன். இருந்தது. மூன்று வாரம் என்னிடம் இருந்தது. நம் கூட்டத்தில் நான்தான் சின்னவன் என்றாலும் எனக்கும் முன்நெற்றி ஏறிக்கொண்டே போகிறது. இன்னும் கொஞ்சம் மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன்.

அப்பா பழைய ஜரிகை வாங்குகிறவர். மண்டி மொஹல்லாவில் ஒரு வாடகை வீடு, ஒரு சைக்கிள், ஒரு கைத்தராசு, சட்டைப்பையில் ஒரு உரைகல். இவ்வளவுதான் எங்கள் சொத்து. காலையில் கிளம்பி ஒண்டிக்கொப்பல், ஜெயலட்சுமிபுரம் என்று தெருத்தெருவாக, பழைய ஜரிகைப் புடவை என்பதைக் கன்னடத்தில் "ஹளே ஜரி சீரே" என்று கூவிக்கொண்டு போவார். யாராவது கிழிந்த பட்டுப்புடவையைக் கொண்டுவந்து நீட்டினால், கரையிலிருந்து ஒரு இழையை உருவிக் கல்லில் இழுப்பார். மேல்பூச்சு போனதும் வெள்ளைக் கோடு விழுந்தால் வெள்ளி, சிவந்த கோடு விழுந்தால் செம்பு. வெள்ளி என்றால் எடை போட்டு எடுத்துக்கொள்வார். வீட்டுக்குப் பின்னால் இரும்புச் சட்டியில் அவற்றைப் போட்டு எரிக்கும்போது முடி கருகுகிற நாற்றம் எழும். அந்த நாற்றம் என் பள்ளிச் சீருடையிலும் ஏறியிருக்கும். பெஞ்சில் எனக்கு எப்போதும் தாராளமாக இடம் கிடைத்தது. சாம்பலை அலசி, மிஞ்சியதை வெண்காரம் சேர்த்து மூசைக் கிண்ணத்தில் உருக்கினால் கடைசியில் நாவற்பழம் அளவு ஒரு கட்டி வரும். எத்தனையோ கல்யாணங்கள் சேர்ந்து ஒரு நாவற்பழம்.

தசராவுக்கு முந்தைய வாரங்கள்தான் அவருக்கு நல்ல பருவம். பொம்மைகளை எடுக்கப் பெட்டியைத் திறக்கிறவர்கள் பழைய துணிகளையும் வெளியே எடுப்பார்கள். அந்த மூட்டைகளில் சில சமயம் சீருடைத் துணியும் சேர்ந்து வரும். பாண்டு வாசிக்கிறவர்களுடைய தோள்பட்டை, போலீஸ் தொப்பி முகப்பு, எந்த வீட்டுச் சேவகனுக்கோ தைத்த யானை முத்திரை. அப்பா கல்லில் இழுத்துப் பார்த்துவிட்டு என் பக்கம் வீசுவார். "வெறும் செம்புடா கண்ணு. நீயே வெச்சுக்க."

அவற்றை ஒரு பழைய டெலிபோன் டைரக்டரியின் பக்கங்களுக்கு நடுவே வைத்து அழுத்தி வைத்திருந்தோம். "தோம்" என்றால் நானும் அத்தை மகளும். அவள் என்னைவிட ஒரு வகுப்பு மேலே. எங்கள் இரண்டு வீட்டிலும் பள்ளிக்கூடத்தை மிதித்த முதல் ஆட்கள் நாங்கள் இருவரும்தான். அதனால் எதைக் கண்டாலும் வரிசைப்படுத்தி நம்பர் போடாவிட்டால் எங்களுக்குத் தூக்கம் வராது. ஒவ்வொரு பேட்ஜுக்கும் கிராஃப் தாளில் ஒரு பக்கம். மேலே அவள் வரைந்த படம். கீழே நான்கு வரி: எங்கிருந்து, எதனால் செய்தது, எந்தக் காலம், யாருடையது. நான்காவது வரியில் எப்போதும் "தெரியாது" என்றுதான் எழுதுவோம்.

சிறகுகள் மேல் எங்களுக்குத் தனிப் பைத்தியம். நடுவில் கழுகு இருந்தால் விமானப்படை, நங்கூரம் இருந்தால் கடற்படை என்பதை நெட் சென்டரில் அரை மணி நேரத்துக்குக் காசு கட்டிக் கண்டுபிடித்தவள் அவள்தான். கப்பலில் வேலை பார்க்கிறவனுக்கு எதற்குச் சிறகு என்று நான் கேட்டதற்கு, "கப்பல்லருந்து பறக்கறதுக்குக் கணோ, பெப்பரா," என்றாள். பேக்கு என்பதைக் கன்னடத்தில் சொன்னால் அவ்வளவாக வலிக்காது என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை.

நேவி மாமியின் மூட்டை வந்தது தசராவுக்கு முன் ஒரு சாயங்காலம். ஒண்டிக்கொப்பலில் தனியாக இருந்தவர். வீட்டைக் காலி செய்துவிட்டு மகனோடு சென்னைக்குப் போகப் போகிறார் என்று அப்பா சொன்னார். மூட்டையில் நான்கு புடவைகளும், கையில் தங்கப் பட்டை தைத்த ஒரு கருநீலக் கோட்டும் இருந்தன. கோட்டின் நெஞ்சில் பளபளவென்று ஒரு சிறகு. நங்கூரத்துக்கு மேலே நம் நாட்டுச் சிங்கங்கள். அப்பா இழுத்துப் பார்த்தார், செம்பு. என் பக்கம் வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அப்புறம் அரக்குப் புடவையை உதறினார். மடிப்பிலிருந்து எண்ணெய்க் காகிதத்தில் சுற்றிய எதுவோ விழுந்தது. உள்ளங்கை நீளத்தில் இன்னொரு சிறகு. கரி போலக் கறுத்திருந்தது. அப்பா கல்லில் இழுத்தார். வெள்ளைக் கோடு! சுத்த வெள்ளிக் கம்பி. சட்டி ஏற்கெனவே கனன்றுகொண்டிருந்தது. எறியக் கையை ஓங்கினவர், வெளிச்சத்தில் அதைத் திருப்பிப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"அட சாமி! இது கருடாழ்வாருடா!"

நான் எட்டிப் பார்த்தேன்.

"ரெண்டு பக்கமும் றெக்கை. நடுவுல பாரு, நாமம். தலைக்கு மேல கிரீடம். கால்ல பாம்பு சுத்தியிருக்குது பாரு. பெருமாள் சமாச்சாரத்தப் போயி நெருப்புல போட இருந்தேனே, என்ற குடும்பம் வெளங்குமா?"

இப்போது நினைத்தால் அப்பா அடையாளம் கண்ட முறையில் குறை சொல்ல எதுவுமில்லை. நாமும் அப்படித்தானே பார்க்கிறோம்? சிறகு எத்தனை வரிசை, நடுவில் என்ன, மேலே என்ன, கயிறு எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று. நங்கூரத்தின் கீழ்வளைவும் நடுத்தண்டும் சேர்ந்தால் அச்சு அசலாக நாமம்தான். அவர் கண்டதெல்லாம் சரி. முடிவு ஒன்றுதான் தப்பு.

கறுப்புச் சிறகு பூஜை அலமாரியில் மாதேஸ்வரன் படத்துக்குப் பக்கத்தில் குடியேறியது. அம்மா அதற்குக் குங்குமம் வைத்தாள். தினமும் ஒரு மஞ்சள் செவ்வந்தி. பக்கத்து வீட்டு ஆட்டோக்காரர் காலையில் வண்டி எடுக்குமுன் உள்ளே வந்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போக ஆரம்பித்தார். வந்த முதல் வாரம் சவாரி நன்றாக இருந்ததாம்.

மூன்றாம் நாளே நெட் சென்டரில் எங்களுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. மேலே கிரீடம் இருந்தால் அது இங்கிலாந்துக் கடற்படையின் மாதிரி. நம் கடற்படையில் பறக்க முதலில் கிளம்பியவர்கள் அங்கே போய்க் கற்றவர்கள்; அங்கே கொடுத்த சிறகோடு திரும்பியவர்கள். சிங்கங்கள் அதற்கப்புறம். அப்படியென்றால் எங்கள் பூஜை அலமாரியில் இருந்தது முதல் தலைமுறை விமானி ஒருவருடைய முதல் சிறகு.

"மாமாகிட்ட சொல்லாதே," என்றாள் அத்தை மகள். "கருடன் இல்லேன்னு தெரிஞ்சா நேரா சட்டிதான்."

ஆகவே தினமும் காலையில் வீட்டில் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு கும்பிட்டார்கள். நான் மட்டும் கண்ணைத் திறந்துகொண்டு இறகுகளை எண்ணினேன்.

அந்த நிலையில்தான் மாமி குடையோடு வந்தார்.

"ஏம்ப்பா, புடவையோட ஒரு கோட்டு வந்துதோன்னோ? தங்கமா மின்னறதேன்னு வேலைக்காரி அதையும் சேர்த்துக் கட்டிட்டா. கோட்டு போனாப் போறது. அதுல ஒரு சிறகு இருந்துது. இருக்கா, எரிச்சுட்டயா?"

"கோட்டுல இருந்தது பூராச் செம்புங்க தாயி, எரிக்கல. சிறகு என்ற பையன்கிட்ட இருக்குதுங்க. டேய், எட்றா."

டைரக்டரியைத் திறந்து பளபளப்புச் சிறகை எடுத்துக் கொடுத்தேன். மாமி அதன் முன்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. சட்டென்று திருப்பி, பின்பக்கத்தைக் கட்டைவிரலால் தடவினார்.

"இதான். இதேதான்." கண்ணில் ஒற்றிக்கொண்டார். அப்புறம் அவரே சொன்னார். வீட்டுக்காரர் சீமைக்குப் போய்ப் பறக்கக் கற்றுக்கொண்டு வந்த ஆரம்பகால ஆட்களில் ஒருவராம். வெள்ளிக்கிழமை நாலு மணி வண்டியில் சென்னைக்குக் கிளம்புகிறாராம். கிளம்பத் திரும்பியபோது அவர் கண் பூஜை அலமாரியில் விழுந்தது.

"அட, கருடன்னா இது! இந்தாத்துல கருடன் எழுந்தருளியிருக்காரே!"

"தானா வந்து சேந்துச்சுங்க தாயி," என்றார் அப்பா, பெருமை தாங்காமல்.

மாமி கைகூப்பி, கண்ணை மூடி, வீட்டுக்காரருடைய சிறகையே சேவித்துக்கொண்டார். அத்தை மகள் என் தொடையில் கிள்ளிய கிள்ளு இரண்டு நாள் இருந்தது.

அவர் போனதும் அவள் என்னைப் பின்கட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"அந்தம்மா தப்பானதை எடுத்துட்டுப் போறாங்க. அவங்க வீட்டுக்காரருக்கு மொதல்ல குடுத்தது கிரீடம் வெச்சதுதானே?"

"அவங்களே இதான்னு சொன்னாங்க."

"அவங்களுக்குத் தெரியல. உனக்குத் தெரியுமில்ல?"

"சொன்னா அப்பா திட்டுவாரு."

"மாமா மேல போடாதே. உனக்கு வேணும். அதான் விஷயம். கள்ள நன் மக."

திருட்டுப் பயல் என்பதற்கும் அவளுக்குக் கன்னடம்தான். அவள் சொன்னது உண்மை. எனக்கு வேண்டும். அதைப் போல ஒன்று இனி என் வாழ்நாளில் என் கைக்கு வராது என்று பன்னிரண்டு வயதிலேயே எனக்குத் தெரிந்திருந்தது, இன்றுவரை வரவில்லை. முன்பக்கத்தைப் பார்க்காமலே எடுத்துக்கொண்டு போன ஒரு மாமிக்கு அதன் அருமை என்ன தெரியும் என்றும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அத்தை மகள் கிராஃப் நோட்டைத் தூக்கிக்கொண்டு போனவள் மூன்று நாள் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை.

தசரா லீவு. வெள்ளிக்கிழமை மத்தியானம் வந்தாள். தெருச் சுற்றிவிட்டு அப்பா வர மூன்றாகிவிட்டது; அப்போதுதான் அவரும் நானும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அம்மா அன்றைக்கும் கம்பெனியில்தான். அத்தை மகள் என் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு கிராஃப் தாளை வைத்தாள். கறுப்புச் சிறகு, இறகு இறகாக. கயிற்றின் முறுக்குக்கூட விடவில்லை. கீழே மூன்று வரிகள் நிரம்பியிருந்தன. எங்கிருந்து: ஒண்டிக்கொப்பல். எதனால் செய்தது: வெள்ளிக் கம்பி. எந்தக் காலம்: நம் கடற்படை விமானிகளின் முதல் காலம். யாருடையது என்பதற்கு நேரே ஒன்றும் எழுதவில்லை. பேனாவை மட்டும் மூடியைத் திறந்து வைத்திருந்தாள்.

எங்களிடம் மிச்சமிருந்த நூற்றுச் சொச்சத்தில் நான்காவது வரிக்கு விடை தெரிந்த பேட்ஜ் அது ஒன்றுதான். "தெரியாது" என்று எழுத எனக்குக் கை வரவில்லை. தெரிந்ததை எழுதிவிட்டு அதை என்னுடையது என்று வைத்துக்கொள்ளவும் முடியாது.

"அப்பா," என்றேன். "அது கருடன் இல்ல."

அப்பா ரசம் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். "எது?"

"சாமி படத்துக்குப் பக்கத்துல இருக்கறது. அது நேவி மாமி வீட்டுக்காரரோட சிறகு. நாமம் இல்லப்பா, கப்பல் நங்கூரம். பாம்பு இல்ல, கயிறு."

பிசைகிற கை நின்றது. "மூணு வாரமா ஒரு நங்கூரத்துக்கா நான் செவ்வந்தி வாங்கினேன்?"

நாங்கள் இரண்டு பேரும் தலையை ஆட்டினோம்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"மூணாம் நாளே."

"அப்பங்கிட்ட மறைக்கறதுக்குத்தான் பள்ளிக்கோடத்துல பாடம் எடுக்கறாங்களா?"

"சொல்லியிருந்தா எரிச்சிருப்பீங்க மாமா," என்றாள் அத்தை மகள்.

அப்பா தட்டைத் தள்ளி வைத்தார். "எரிச்சுத்தான் இருப்பேன்," என்றார். எழுந்து கையைக் கழுவினார். சுவர்க் கடிகாரத்தில் மூன்று இருபது. "அந்தம்மா வண்டி நாலுக்கு. ஓடு, ஆட்டோக்காரன எழுப்பு."

ஆட்டோக்காரர் லுங்கியோடு வந்து வண்டியை எடுத்தார். அப்பா இரண்டு கையாலும் சிறகைப் பிடித்துக்கொண்டு ஏறுவதைப் பார்த்து, "கருடன் எங்கண்ணா கெளம்பிட்டாரு?" என்றார்.

"சென்னைக்கு," என்றார் அப்பா. "நீ ஓட்டு மொதல்ல."

ஸ்டேஷனில் ஓடுகிற ஓட்டத்திலும் அப்பா நின்று மூன்று பிளாட்பாரம் டிக்கெட் வாங்கினார். சட்டத்துக்கு அவ்வளவு பயம். ஜன்னல் ஜன்னலாகத் தேடி மாமியைக் கண்டுபிடித்து உள்ளே ஏறினோம். மகன் தண்ணீர் பாட்டில் வாங்கப் போயிருந்தார். காலுக்கடியில் நுழைக்க முடியாத ஒரு டிரங்குப் பெட்டியோடு மாமி மட்டும் உட்கார்ந்திருந்தார்.

"தாயி, தப்பு நடந்துபோச்சுங்க," என்று அப்பா சிறகை நீட்டினார். மேலே சொல்ல அவருக்கு வரவில்லை. நான்தான் மூச்சுவிடாமல் சொன்னேன். கிரீடம் வைத்ததுதான் முதலில் கொடுத்தது, சிங்கம் வைத்தது பின்னால் வந்தது, நீங்கள் எடுத்துப் போனது செம்பு, இதுதான் அசல் என்று எல்லாவற்றையும்.

மாமி கைப்பையிலிருந்து பளபளப்புச் சிறகை எடுத்து என் முன்னால் திருப்பிக் காட்டினார். பின்பக்கம் முழுக்க நீல நூலில் கோணல்மாணலாகத் தையல்.

"செம்புன்னு எனக்குத் தெரியாதா கொழந்தே? கல்யாணமாகி முதல் மாசம் நான் தைச்சது. கறுப்பு நூல் ஆப்படலே, நீலத்துல தைச்சேன். பிரிச்சுட்டு நன்னாத் தைக்கறேன்னா கேட்டாத்தானே? இதைப் போட்டுண்டுதான் அத்தனை வருஷம் பறந்தார். நான் தேடிண்டு வந்தது இதைத்தான்."

நானும் அத்தை மகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இறகை எண்ணினோம், கிரீடத்தைப் பார்த்தோம். தையலைப் பார்க்க எங்களுக்குத் தோன்றவே இல்லை. ஆல்பத்தில் எதையும் ஒட்டுவதற்கு முன்னால் நான் திருப்பித் திருப்பிப் பார்ப்பதை நீங்கள் கேலி செய்வீர்களே, அந்தப் பழக்கம் அன்றைக்கு வந்ததுதான்.

மாமி இப்போது கறுப்புச் சிறகைக் கையில் வாங்கினார்.

"ஆனா இது? இதை நான் பார்த்ததே இல்லையே. சீமையில குடுத்தது எங்கேன்னு கேட்டா, சமுத்திரத்துல விழுந்துடுத்துன்னார். எங்கே கெடச்சுது உங்களுக்கு?"

"அரக்குப் புடவை மடிப்புலங்க," என்றார் அப்பா. "எண்ணெய்க் காகிதம் சுத்தி."

மாமி சிறகை மடியில் வைத்துக்கொண்டார்.

"அது என் கூறைப் புடவை," என்றார். "கிழிஞ்சுபோச்சேன்னு போட்டேன். சமுத்திரத்துல விழுந்துதாம்! என் பொட்டியில, என் புடவைக்குள்ளயே ஒளிச்சு வெச்சுட்டு. எத்தனை தடவை கேட்டிருப்பேன், ஒரு தடவையாவது சிரிச்சாரோ? ராஸ்கல்!"

அப்படிச் சிரித்தார் பாருங்கள், எதிர் சீட்டில் இருந்தவர்களும் என்னவென்று தெரியாமலே சிரித்தார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு அதை மறுபடி பார்த்தவர், "குங்குமம் யார் வெச்சது?" என்றார்.

"என்ற சம்சாரமுங்க. இருங்க, தொடச்சுத் தாரேன்."

"வேண்டாம். இருந்துட்டுப் போறது."

இரண்டு சிறகுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் கைப்பையில் போட்டுப் பையைத் தட்டிக்கொடுத்தார். அத்தை மகள் என் தோளில் ஒரு குத்து விட்டாள். மூன்று நாளுக்கப்புறம் விழுந்த முதல் குத்து.

அந்தக் குஷியில் நாங்கள் இருவரும் இறங்கிவிட்டோம். அப்பா இறங்கவில்லை. மாமியின் டிரங்குப் பெட்டியைச் சீட்டுக்கடியில் தள்ளிவிட்டுத்தான் வருவேன் என்று மண்டி போட்டுக்கொண்டிருந்தார். பெட்டி நுழைந்த அதே நேரத்தில் வண்டி நகர்ந்தது. அப்பா வாசலுக்கு ஓடிவர, தண்ணீர் பாட்டிலோடு திரும்பியிருந்த மாமியின் மகன் பின்னாலிருந்து அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "பேடா அண்ணா, வேண்டாம், குதிக்காதீங்க!" என்று கத்தினார். நாங்கள் கூடவே ஓடினோம். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற அப்பா, "அம்மாகிட்டச் சொல்லிருங்க! பாலு பொங்கிராமப் பாத்துக்கங்க!" என்று சொல்லிக்கொண்டே போனார். அடுப்பில் பாலே இல்லை. பதற்றத்தில் அவருக்கு வாயில் வந்தது அதுதான்.

வண்டி முதலில் நின்றது மண்டியாவில். அதற்குள் டிக்கெட் பரிசோதகர் வந்திருக்கிறார். அப்பா பிளாட்பாரம் டிக்கெட்டை நீட்டியிருக்கிறார். நான் கட்டுகிறேன் என்று மாமியின் மகன் பர்ஸை எடுக்க, "என்ற தப்புக்கு நானே கட்றேனுங்க," என்று அப்பா மறித்திருக்கிறார். ஏழரை மணிக்குப் பஸ்ஸில் வந்து இறங்கியபோது கையில் ஒரு காகிதப் பொட்டலம். வண்டியில் விற்ற மத்தூர் வடை, ஆளுக்கு ஒன்று.

அம்மா வடையைப் பிட்டுக்கொண்டே கதை முழுவதையும் கேட்டாள். "ஆக மொத்தம் எவ்வளவாச்சு?" என்று மட்டும் கேட்டாள். அப்பா விரல் விட்டு எண்ணினார். கருடனை ஏற்றிக்கொண்டு போன சவாரிக்கு முழுக்காசு வாங்க மனம் வராமல் ஆட்டோக்காரர் வாங்கிக்கொண்டது இருபது. பிளாட்பாரம் டிக்கெட் ஒன்பது. அபராதத்தோடு ரயில் டிக்கெட் இருநூற்று எண்பத்திரண்டு. பஸ் இருபத்திநான்கு. வடை இருபது. முந்நூற்று ஐம்பத்தைந்து ரூபாய்.